காற்றை நிறுத்துப் பார்ப்போம்

(உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர்; அகலம் 10 மீட்டர்; உயரம் 5 மீட்டர் இருக்கலாம். இதனுள் அடங்கியிருக்கும் காற்றின் எடை எவ்வளவு? உரை தொடங்குமுன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் சிலரிடம் இதைக் கேட்டேன். ஒருவர் ஒரு கிலோ என்றார். மற்றொருவர் சற்றுத் துணிந்து பத்துக் கிலோ என்றார். மூன்றாமவர் சிரித்துக்கொண்டு, "காற்றுக்கு ஏது ஐயா எடை?" என்றார்.

கணக்கு எளிது. மண்டபத்தின் கன அளவு 1,000 கன மீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில், 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஈரம் கலந்த காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ எடையுள்ளது. ஆகவே நம்மைச் சூழ்ந்துள்ள காற்று 1,150 கிலோ. ஒரு டன்னுக்கும் மேல்.

நான் சொன்னேன், நீங்கள் தலையசைத்தீர்கள். உங்களில் எத்தனை பேர் அந்த 1.15 என்னும் எண்ணை உங்கள் கையால் கண்டறிந்திருக்கிறீர்கள்? நானும் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் வரை கண்டறிந்ததில்லை. புத்தகத்தில் படித்தேன், கரும்பலகையில் எழுதினேன், தேர்வில் கேட்டேன். அந்த எண்ணை அளந்தறியும் வழியைப் பற்றியும், அளக்காமல் எழுதுவதால் நேரும் கேட்டைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு பழைய தவறு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, காற்றுக்கு எடை உண்டு என்பதை வகுப்பில் மெய்ப்பிக்க, எல்லோரும் செய்யும் சோதனையையே செய்தேன். ஒரு குச்சியின் நடுவே நூல் கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் ஊதிய பலூன்களைக் கட்டிச் சமநிலைப்படுத்தி, ஒன்றை ஊசியால் குத்தினேன். குச்சி மற்றப் பக்கம் சாய்ந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு மாணவி மட்டும் அத்துடன் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் பௌதிகத் தராசில், பம்ப்பால் காற்றடித்த பலூனை நிறுத்தாள்; காற்றை வெளியேற்றிவிட்டு மீண்டும் நிறுத்தாள். வேறுபாடு 0.1 கிராம். பலூனைத் தண்ணீரில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்து, அதன் கன அளவு 3 லிட்டர் என்றும் கண்டாள். அப்படியானால் ஒரு லிட்டர் காற்றின் எடை 0.03 கிராமுக்குச் சற்று அதிகம். புத்தகமோ 1.2 கிராம் என்கிறது. குறிப்பேட்டைக் கொண்டுவந்து, "ஐயா, என்னுடைய காற்று ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் இல்லை. "எங்கேயோ தவறு செய்திருக்கிறாய், 1.2 என்று எழுதிவிடு" என்றேன். அவள் தன் எண்ணை அடித்துவிட்டு, நான் சொன்னதை எழுதினாள். அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் வழங்கினேன்.

பலூன் சொல்லும் செய்தி

அவள் நிறுத்ததில் தவறே இல்லை. தண்ணீரில் மூழ்கிய பொருளைத் தண்ணீர் மேல்நோக்கித் தாங்குவதுபோல, காற்றில் மூழ்கிய பொருளைக் காற்றும் தாங்குகிறது. ஊதிய பலூன் 3 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த 3 லிட்டர் வெளிக்காற்றின் எடையளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. உள்ளே இருக்கும் காற்றின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. குளத்தினுள் ஒரு குடத்தை முக்கி, நீருக்குள்ளேயே அதைத் தூக்கிப் பார்த்துக் குடத்து நீருக்குக் கனமில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

அப்படியாயின் அந்த 0.1 கிராம் எங்கிருந்து வந்தது? பலூனின் ரப்பர் உள்ளிருக்கும் காற்றைச் சற்றே நெருக்குகிறது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே மிகுதி. அந்த மிகுதிக் காற்றின் எடையைத்தான் தராசு காட்டியது. மாணவியின் எண் காற்றின் அடர்த்தி அன்று. ஆயினும் அது உண்மையான ஓர் அளவு. நான் அழிக்கச் சொன்னது ஒரு நல்ல பாடத்தை.

இந்தக் குழப்பம் மிகப் பழையது. காற்றூதிய பை வெறும் பையைவிடக் கனம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பின்வந்த உரையாசிரியர் ஒருவர் தாமே நிறுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே எடை என்று மறுத்தார். தளர்ந்த பையைப் பொறுத்தவரை மறுத்தவர் சொன்னதே சரி. காற்றை முறையாக நிறுக்கும் வழியைக் கண்டவர்களுள் முதன்மையானவர் கலிலியோ. ஒரு புட்டியின் கன அளவை மாற்றாமல், அதனுள் மிகுதியான காற்றைத் திணித்து நிறுத்தார். பிறகு திணித்த காற்றை மட்டும் வெளியேற்றி அதன் கன அளவைக் கண்டார். 1638-இல் வெளிவந்த நூலில், தண்ணீர் காற்றைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு கனமானது என்று எழுதினார். உண்மையில் அது 800 மடங்குக்கு மேல். விடையில் இரு மடங்கு பிழை இருந்தாலும் முறை சரியானது. அவருடைய முறையையே இன்று நம் பள்ளியில், அவருக்குக் கிட்டாத எளிய பொருள்களைக் கொண்டு செய்யலாம்.

புட்டியும் பம்ப்பும்

தேவையானவை சில. குளிர்பானம் விற்கும் 2 லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்று. ஸ்கூட்டர்களுக்குப் பொருத்தும் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று. காற்றடிக்கும் பம்ப், ஒரு வாளி, ஒரு லிட்டர் அளவுக் கோடிட்ட புட்டி, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு. தராசு இல்லாத பள்ளியில் ஒரு மீட்டர் அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் அதுவே தராசு. எடைக்கற்களும் வேண்டா. மருந்து ஏற்றும் சிரிஞ்சில் 1 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்தால் அது 1 கிராம். பத்தில் ஒரு கோடு எடுத்தால் 0.1 கிராம்.

புட்டியின் மூடியில் துளையிட்டு, வால்வை உட்புறத்திலிருந்து இழுத்துப் பொருத்தி இறுக மூடுங்கள். புட்டியை அப்படியே நிறுங்கள். இப்போது அதனுள் இருக்கும் சாதாரணக் காற்றை மறந்துவிடலாம். அதன் எடையும் மிதப்பு விசையும் ஈடாகிவிட்டன. பிறகு காற்றடியுங்கள். புட்டி விறைத்துக் கல்போல் ஆகும். இருபது அடிக்கு மேல் தேவைப்படாது. ஓர் எச்சரிக்கை: கண்ணாடிப் புட்டியையோ கீறலுற்ற புட்டியையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, புட்டியைக் கனத்த துணியால் சுற்றிக்கொண்டே காற்றடிக்க வேண்டும். அடித்தவுடன் காற்று சூடாயிருக்கும்; ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் துணியை நீக்கி மீண்டும் நிறுங்கள்.

எடை கூடியிருக்கும். கன அளவு மாறாததால் மிதப்பு விசை மாறவில்லை. கூடிய எடை முழுவதும் திணித்த காற்றின் எடையே. ஒருமுறை நாங்கள் செய்தபோது 4.4 கிராம் கூடியது.

இனி அந்தக் காற்றின் கன அளவு. அளவுப் புட்டியில் தண்ணீரை நிரப்பி, வாளி நீரில் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். அதன் வாய்க்குக் கீழே வால்வை நீரினுள் கொண்டுசென்று, ஆணி முனையால் வால்வின் ஊசியை மெல்ல அழுத்துங்கள். குமிழ்கள் மேலேறித் தண்ணீரை வெளியேற்றும். புட்டியின் உள்நீர் மட்டமும் வாளியின் நீர் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி பிடித்துக்கொண்டே கோட்டைப் படிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று வெளியழுத்தத்தில் இருக்கும். அளவுப் புட்டி நிறைந்ததும் ஊசியை விட்டுவிட்டு மீண்டும் நிரப்பித் தொடருங்கள். குமிழ் நிற்கும்வரை அளந்ததில் எங்களுக்குக் கிடைத்தது 3.9 லிட்டர். 4.4 கிராமை 3.9 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு 1.13 கிராம்.

பிழையின் கணக்கு

அன்று வெப்பநிலை 30 பாகை. அந்த வெப்பத்தில் உலர்ந்த காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 1.16 கிராம் என்று அட்டவணைகள் கூறும். நமக்குக் கிடைத்தது 1.13. இப்போது மாணவனிடம், "1.16 என்று எழுதிவிடு" என்று சொல்வதா? கூடாது. வேறுபாட்டின் காரணத்தைத் தேடச் சொல்ல வேண்டும்.

நீரின் வழியே வந்த காற்றில் நீராவி கலந்திருக்கிறது. 30 பாகையில் ஈரம் முழுமையாக நிறைந்த காற்றில் நூற்றில் ஏறத்தாழ நான்கு பங்கு நீராவியாகும். அறைக் காற்றிலேயே பாதி ஈரம் இருந்தது எனக் கொண்டால், வாளியில் கூடியது இரண்டு பங்கு. அதைக் கழித்தால் 3.9 லிட்டர் 3.82 லிட்டராகும், அடர்த்தி 1.15 ஆகும். மேலும், தராசு 0.1 கிராமுக்குக் கீழ் காட்டாது. 4.4 என்பது 4.3 ஆகவும் இருக்கலாம், 4.5 ஆகவும் இருக்கலாம். ஆகவே நம் விடை 1.13-க்கும் 1.18-க்கும் இடையில் எங்கோ உள்ளது. காற்றடித்த புட்டி சற்றுப் புடைப்பதும் உண்டு. 40 மில்லிலிட்டர் புடைத்தால் எடை 0.05 கிராம் குறைவாகத் தெரியும்.

இவ்வளவையும் ஒரு பதினான்கு வயதுச் சிறுவன் தன் குறிப்பேட்டில் எழுதினானாயின், அவன் காற்றின் அடர்த்தியை மட்டும் அறிந்தவனல்லன். எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அறிந்தவன். 1.16 என்று மட்டும் எழுதியவன் இவ்விரண்டில் ஒன்றையும் அறியான்.

நிறுக்காமலே அளத்தல்

தராசே இல்லாமலும் காற்றின் அடர்த்தியைக் காணலாம். நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644-இல் டாரிசெல்லி எழுதினார். கடலில் மேலே ஏறினால் தலைமேல் உள்ள நீர் குறைவதுபோல, மலையில் ஏறினால் தலைமேல் உள்ள காற்று குறைய வேண்டும். பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே 1648-இல் பிரான்சு நாட்டின் புய்-த-டோம் மலைமீது பாதரசக் குழாயைச் சுமந்து ஏறினார். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறியதும் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. அந்த இறக்கம், இடையிலிருந்த 1,000 மீட்டர் காற்றுத்தூணின் எடை.

இன்று அந்த மலையும் பாதரசமும் வேண்டா. செல்பேசிகள் பலவற்றில் காற்றழுத்த உணர்கருவி உள்ளது. அதைப் படிக்கும் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தரைத்தளத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, நான்காம் மாடிக்கு ஏறி மீண்டும் குறியுங்கள். உயரத்தைக் கயிறு கட்டி அளந்துகொள்ளுங்கள். கடற்கரை ஊரில் 12 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1.35 மில்லிபார், அதாவது 135 பாஸ்கல் குறையும். அதை உயரத்தாலும் 9.8 என்னும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் 1.15 கிடைக்கும். புட்டி கொடுத்த விடையும் மாடிப்படி கொடுத்த விடையும் ஒன்றையொன்று அறியாமலே ஒன்றுபடுகின்றன. இயற்கை பொய் சொல்வதில்லை என்பதை மாணவன் உணர இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

ஊருக்கு ஊர் வேறு காற்று

இந்த எண்ணால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். காற்றின் அடர்த்தி நாடு முழுவதும் ஒன்றன்று. சென்னையிலும் மும்பையிலும் ஒரு லிட்டர் காற்று 1.15 கிராம் அளவில் இருக்க, 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெங்களூரில் 1.06 கிராம் அளவிலும், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் 0.95 கிராம் அளவிலும், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் 0.8 கிராம் அளவிலும் இருக்கும். அன்றைய வெப்பத்திற்கேற்ப இவை சற்று ஏறி இறங்கும்.

லே விமான நிலையத்தில் இறங்கிய பயணியின் மூச்சு வாங்குவதும், விமானம் தாங்கக்கூடிய சுமையைக் குறைக்க நேர்வதும் ஒரே காரணத்தால்தான். இறக்கையைத் தாங்கும் காற்று அங்கே மெலிந்தது; பகலில் வெயிலேறினால் இன்னும் மெலியும். அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலைப் பொழுதிலேயே வந்துபோவதற்கு மலைக்காற்றுகளோடு இதுவும் ஒரு காரணம்.

காற்றாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் காற்றாலை மின்திறன் 2025-ஆம் ஆண்டில் 50,000 மெகாவாட்டைக் கடந்தது. காற்றாலையின் திறன் காற்றின் வேகத்தை மட்டுமன்றி அதன் அடர்த்தியையும் பொறுத்தது. எந்திரத்தின் திறனைக் கணக்கிடும்போது அடர்த்தியைப் பொதுவாகக் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று கொள்வார்கள். அது கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்திற்குரிய அளவு. நம் ஊரிலோ காற்று வலுத்து வீசும் மாதங்கள் வெப்ப மாதங்கள். 35 பாகையில் அடர்த்தி 1.15-க்கு இறங்கிவிடும். அதே வேகத்தில் வீசினாலும் கிடைக்கும் ஆற்றல் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். இதைக் கணக்கில் கொள்ளாமல் திட்டம் தீட்டினால் ஏட்டிலுள்ள மின்சாரம் கம்பியில் வராது.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். சென்னை மாணவனும் சிம்லா மாணவியும் தத்தம் குறிப்பேட்டில் 1.2 என்றே எழுதியிருந்தால், அது இருவரும் அளந்ததற்குச் சான்று ஆகாது. இருவரும் அளக்கவில்லை என்பதற்கே சான்று. நாடெங்கும் ஒரே விடை வரும்போது நாம் மகிழ்கிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அது. ஒரு நாடு தன் மழையை, விளைச்சலை, நிலத்தடி நீரைக் கணக்கெடுத்தே திட்டமிடுகிறது. அந்தக் கணக்கை எடுக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள். எதிர்பார்க்கும் எண்ணை எழுதப் பள்ளியில் பழகியவர், பிற்காலத்தில் மழைமானி முன்பும் அதையே செய்யக்கூடும்.

ஆயிரத்தில் ஐந்து பங்கு

வேறுபாட்டை அழிக்காதவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியை ஆண்டுக்கணக்கில் நிறுத்து வந்தார். காற்றிலிருந்து பிற வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன், அம்மோனியா போன்ற பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு கனமாக இருந்தது. இரண்டும் ஒரே நைட்ரஜன். எடை ஏன் வேறுபட வேண்டும்? எவரும் புறக்கணித்துவிடக்கூடிய வேறுபாடு. அவர் புறக்கணிக்கவில்லை. தமக்குக் காரணம் புரியவில்லை என்று 1892-இல் ஓர் அறிவியல் இதழுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி, பிறரின் கருத்தைக் கேட்டார். பின்னர் வில்லியம் ராம்சேயும் அவரும் ஆராய்ந்து, காற்றில் அதுவரை எவரும் அறியாத ஆர்கான் என்னும் தனிமம் இருப்பதை 1894-இல் அறிவித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு அளவில் அது நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் இருந்துவந்திருக்கிறது. 1904-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பெரியவர் உலகறியத் "தெரியவில்லை" என்று எழுதினார். நாற்பது மாணவர் முன்னிலையில் அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல இயலவில்லை.

நம் கையில் உள்ளது

இத்தகைய கல்வி நம் நாட்டில் நடவாது என்று எவரும் கூற வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. கிராமத்துக் குழந்தைகள் கையில் கிடைத்த பொருள்களால் தாமே சோதனை செய்து, தாம் கண்டதை எழுதினர். தேர்வில் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்துவைத்துக்கொள்ளலாம்; மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த அத்திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது. நின்றுபோனாலும், முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அது நடந்தது என்பதை யாரும் மறுக்க இயலாது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று நம் அரசியலமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்டது. அந்தக் கடமை பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பிளாஸ்டிக் புட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் உள்ள இடத்தில் அதை நிறைவேற்றலாம். செய்முறைத் தேர்வில் புத்தக விடைக்கு அருகில் வந்தவனுக்கே மதிப்பெண் என்னும் வழக்கத்தை விட்டுவிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதி, வேறுபாட்டுக்குக் காரணம் தேடியவனுக்கு மதிப்பெண் கொடுப்போம். இதற்கு ஆணையோ மானியமோ தேவையில்லை. திருத்தும் பேனா நம் கையில்தான் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஊர் திரும்பியதும் உங்கள் வகுப்போடு உங்கள் ஊர்க் காற்றை நிறுத்துப் பாருங்கள். கிடைத்த எண்ணை, அன்றைய வெப்பநிலையோடும் ஊரின் உயரத்தோடும், உங்களோடு இங்கே பயிற்சி பெற்ற மற்ற ஊர் ஆசிரியர்களுக்கு எழுதுங்கள். உங்கள் எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கட்டும்.

எந்த மாணவியாவது குறிப்பேட்டோடு வந்து, "என்னுடைய காற்று ஏன் இலேசாக இருக்கிறது?" என்று கேட்டால், அவளுடைய எண்ணை அடிக்கச் சொல்லாதீர்கள். "எனக்கும் தெரியவில்லை அம்மா, வா, இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறிய சொற்கள் அவை.